தெரு வாரியாக அணி பிரிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பொங்கல் கபடிப் போட்டி கைகலப்பில் முடிந்து, போலீஸ் வந்து மைதானத்தைக் காலி செய்த செய்தியை உங்கள் வேலூர் பதிப்பில் படித்தேன். ஊர் அணிக்கும் காலனி அணிக்கும் இறுதிப் போட்டியாம். அடுத்த வாரமே வாசகர் ஒருவர், வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் மோதினால் இப்படித்தான் ஆகும், மாதம் ஒரு போட்டி வையுங்கள், ஊரும் காலனியும் ஆடி ஆடியே பழகிவிடுவார்கள், விளையாட்டுக்குச் சாதி கிடையாது என்று எழுதியிருந்தார்.

நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் ஊரை ஒரு பக்கமும் காலனியை ஒரு பக்கமும் நிறுத்தி ஆட விட்டால் பகைதான் வளரும், அதை மாதம் ஒரு தடவை செய்தால் மாதம் ஒரு தடவை வளரும். மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி மோதுகிறார்கள், எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று உளவியல்காரர்கள் 70 வருடத்துக்கு மேலாகச் சோதனை செய்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விசிலை ஊதி "இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நீ" என்று அணி பிரிப்பதுதான் என் வேலையே. அதனால் இந்தச் சோதனைகளைப் படிக்கும்போது நம் மாவட்டத்தில் போட்டி நடத்துகிற ஒவ்வொரு கமிட்டிக்காரருக்கும் இது தெரிய வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இடம் கருதிச் சுருக்கினாலும் கிரிக்கெட் பற்றிய பகுதியை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

முதலில் முசாபர் ஷெரீப் என்ற உளவியல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துருக்கிக்காரர், 1906இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, 1919இல் கிரேக்கப் படை இஸ்மிர் பக்கம் வந்திறங்கிய சமயத்தில், கண்ணெதிரே ஆட்கள் கொல்லப்படுவதைப் பார்த்தவர். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் எப்படி இப்படி மாறினார்கள் என்ற கேள்வி அவரை விடவே இல்லை. அமெரிக்காவில் படித்தார், ஊர் திரும்பினார், நாஜி ஆதரவுக் கருத்துகளை எதிர்த்ததால் 1944இல் கொஞ்ச காலம் காவலில் வைக்கப்பட்டார், அப்புறம் அமெரிக்காவுக்கே போய்விட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவருக்கு ஆசிரியராக இருந்த கார்டனர் மர்ஃபி, பிரிவினைக்குப் பிறகு 1950இல் யுனெஸ்கோ வழியாக நம் நாட்டுக்கு வந்து இந்து முஸ்லிம் பதற்றத்தைப் பற்றி ஆய்வு செய்தவர். ஆக, இது எங்கேயோ நடந்த சங்கதி, நமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆசிரியரும் மாணவரும் கேட்ட கேள்வி அப்போதே நம் வாசலுக்கும் வந்த கேள்விதான்.

1954 கோடையில் ஷெரீப் ஒரு வேலை செய்தார். ஒக்லஹோமா மாநிலத்தில் ராபர்ஸ் கேவ் என்ற மலைக்காட்டுப் பூங்கா, அதற்குள் ஒரு முகாம். 22 பையன்கள், எல்லோருக்கும் 11 வயது சுமார், ஒருவரையொருவர் முன்பின் தெரியாதவர்கள். எல்லோருமே வெள்ளைக்காரர்கள், நடுத்தரக் குடும்பம், ஒரே மதப் பிரிவு, படிப்பிலும் பரவாயில்லை. வேண்டுமென்றே அப்படிப் பொறுக்கி எடுத்தார்கள். நாளைக்கு இவர்களுக்குள் சண்டை வந்தால் நிறம், மதம், ஏழ்மை, பழைய பகை என்று எதையும் காரணம் சொல்ல முடியக் கூடாது அல்லவா? 11, 11 பேராக இரண்டு பஸ்ஸில் தனித்தனியாக ஏற்றிக் கொண்டுபோய், தனித்தனி இடத்தில் தங்க வைத்தார்கள். முதல் வாரம் முழுக்க இன்னொரு கூட்டம் அங்கே இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. சேர்ந்து சமைத்தார்கள், நீந்தினார்கள், கூடாரம் போட்டார்கள். ஷெரீப் முகாமில் எடுபிடி வேலை பார்ப்பவர் மாதிரி நடமாடிக்கொண்டே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் போட்டி வைத்தார்கள். ராட்லர்ஸ் ஒரு அணி, ஈகிள்ஸ் ஒரு அணி. பேஸ்பால், கயிறு இழுத்தல், கூடாரம் அடித்தல். ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை, ஆளுக்கொரு பதக்கம், ஆளுக்கொரு மடக்குக் கத்தி. தோற்கிற அணிக்கு ஒன்றும் கிடையாது. கயிறு இழுத்தலில் தோற்ற ஈகிள்ஸ் பையன்கள் எதிரணியின் கொடியை எடுத்துக் கொளுத்தினார்கள். மறுநாள் ராட்லர்ஸ் பையன்கள் ஈகிள்ஸ் கொடியைப் பறித்தார்கள். அப்புறம் ராத்திரியில் அறைக்குள் புகுந்து கட்டிலைப் புரட்டிப் போடுவது, சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, காலுறைக்குள் கல்லைப் போட்டுக் கட்டி ஆயுதம் மாதிரி தயாராக வைத்துக்கொள்வது என்று போய்க்கொண்டே இருந்தது. நல்ல வீட்டுப் பிள்ளைகள், சில நாட்களில் இந்த நிலை. தரையில் இறைத்த அவரை விதைகளைப் பொறுக்கும் ஒரு போட்டியும் வைத்தார்கள். ஒவ்வொருவரும் பொறுக்கியது என்று சொல்லித் திரையில் காட்டியது எல்லாமே அதே 35 விதைகள்தான், ஆனால் பார்க்கிறவர்கள் தன் அணிக்காரன் அதிகமாகப் பொறுக்கினான், எதிரணிக்காரன் குறைவாகப் பொறுக்கினான் என்றே சொன்னார்கள். கபடியில் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று நாம் அடித்துக்கொள்கிறோமே, இரண்டு பக்கமும் பொய் சொல்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவரவர் கண்ணுக்கு அப்படியே தெரிகிறது.

இனிமேல் வருவதுதான் அந்த வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது. சண்டையை நிறுத்த ஷெரீப் முதலில் செய்தது என்ன தெரியுமா? இரண்டு அணியையும் ஒன்றாகக் கூட்டினார். ஒரே இடத்தில் சாப்பாடு, சேர்ந்து சினிமா பார்ப்பது, பட்டாசு கொளுத்துவது. போட்டியே கிடையாது, சும்மா சேர்ந்திருந்தால் போதும். ஒன்றும் நடக்கவில்லை. தனித்தனியாக உட்கார்ந்தார்கள், சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். பக்கத்தில் உட்கார வைத்தது திட்டுவதற்கு வசதியாகப் போய்விட்டது. பந்தியில் சேர்ந்து உட்காருவதை நான் குறைத்துப் பேசவில்லை. பந்தியில் சமமாக உட்காரும் உரிமைக்கு நம் ஊரில் எவ்வளவு போராட்டம் நடந்தது என்று எனக்குத் தெரியும், அது அதற்காகவே அவசியம். ஆனால் ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டதை வைத்துப் பகை தீர்ந்துவிட்டது என்று போட்டோ எடுத்துப் போடுகிறோமே, அதை நம்பிவிடக் கூடாது.

அப்புறம் வேறு வழி பார்த்தார். முகாமின் தண்ணீர் நின்றுபோனது. மேலே மலையில் இருந்த தொட்டியின் குழாய் வாயில் சாக்குத் துணியை அடைத்து வைத்ததே இவர்கள்தான், பையன்களுக்கு அது தெரியாது. இரண்டு அணியும் தாகத்தோடு தொட்டி வரை நடந்து, ஆளாளுக்கு யோசனை சொல்லி, கிடைத்த சாமானை வைத்து அடைப்பை எடுத்தார்கள். தண்ணீர் வந்ததும் ஈகிள்ஸ் பையன்களிடம் தண்ணீர்க் குப்பி இல்லை, அவர்களுக்குத் தாகம் அதிகம் என்று மற்றவர்கள் அவர்களை முதலில் குடிக்க விட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அன்று சாயங்காலமே சாப்பாட்டு இடத்தில் மறுபடியும் திட்டு, மறுபடியும் வீச்சு. அதையும் ஷெரீப் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு தடவையில் சரியாகவில்லை. படம் வரவழைக்க இரண்டு அணியும் காசு போட்டார்கள். இன்னொரு நாள் சாப்பாடு வாங்கப் போகிற லாரி கிளம்பவில்லை. கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றை லாரியில் கட்டி எல்லோரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக நடந்த பிறகுதான் மெல்ல மெல்ல மாறியது. கடைசியில் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள். வழியில் வண்டி நின்ற இடத்தில் ராட்லர்ஸ் பையன்கள் தாங்கள் பரிசாக ஜெயித்த 5 டாலரில் எதிரணிக்கும் சேர்த்துப் பால் பானம் வாங்கிக் கொடுத்தார்கள்.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது முந்தின வருடம் நடந்தது. 1953இல் நியூயார்க் மாநிலத்தில் மிடில் குரோவ் என்ற இடத்தில் ஷெரீப் இதே சோதனையைச் செய்து பார்த்தார், நடக்கவில்லை. அங்கே பையன்களை முதலில் எல்லோருமாகப் பழக விட்டு, நட்பு உண்டான பிறகு இரண்டாகப் பிரித்தார்கள். போட்டி வைத்தார்கள், பரிசு வைத்தார்கள், சண்டை மட்டும் வரவில்லை. பழைய நண்பன் எதிரணியில் இருந்தால் எப்படி வரும்? ஆய்வாளர்களே ஒரு அணியின் கூடாரத்தைச் சாய்த்துவிட்டுப் பழி எதிரணி மேல் விழட்டும் என்று காத்திருந்தார்கள். பையன்கள் எதிரணியைச் சந்தேகப்படாமல் முகாம்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள்! கடைசியில் முகாமை மூடிவிட்டுப் போனார்கள். ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜினா பெர்ரி பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து, அந்தப் பையன்களில் சிலரை முதிய வயதில் சந்தித்துப் பேசி 2018இல் இதையெல்லாம் விரிவாக எழுதினார். பெற்றோருக்கு உண்மையான நோக்கத்தைச் சொல்லாமல் பிள்ளைகளை இப்படி வைத்து ஆடியது தப்பு என்பதுதான் என் கருத்தும். இன்றைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதற்கு அனுமதி கொடுக்காது.

ஆனால் அதில் நமக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. அடுத்த வருடம் ஷெரீப் என்ன மாற்றினார்? சண்டைக்கு முன்னால் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே கூடாது என்று ஏற்பாடு செய்தார். அதாவது, முதலிலேயே பழகிவிட்டால் சண்டை மூட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. நம் கிராமத்தில் பையன்கள் வளர்கிற விதத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ஊருக்கு ஒரு கோயில், காலனிக்கு ஒரு கோயில், தண்ணீர்த் தொட்டி தனி, சுடுகாடு தனி, சில இடங்களில் அங்கன்வாடிகூடத் தனி. இருபது வயது வரை பிரித்தே வளர்த்துவிட்டு, பொங்கல் அன்றைக்கு மைதானத்தில் எதிரெதிரே நிறுத்தி நடுவில் ஒரு கோப்பையை வைக்கிறோம். ஷெரீப் சண்டை வரவழைக்க என்னென்ன செய்தாரோ அதையேதான் நாமும் வரிசை மாறாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

பரிசே இல்லாவிட்டாலும் பிரிவு வேலை செய்யும் என்று காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியல்காரர். போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியாகப் பிடிபட்டு உயிர் தப்பியவர், திரும்பி வந்து பார்த்தால் குடும்பத்தில் அநேகமாக யாருமே உயிரோடு இல்லை. அவர் இங்கிலாந்தில் பிரிஸ்டலில் பள்ளி மாணவர்களைக் கூப்பிட்டு, திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று சொல்லச் சொன்னார். நீ அதிகம் சொன்ன கூட்டம், நீ குறைவாகச் சொன்ன கூட்டம் என்று பிரித்தார், உண்மையில் பிரித்தது கண்ணை மூடிக்கொண்டுதான். இன்னொரு சோதனையில் கிளே, காண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யார் படம் பிடிக்கும் என்று கேட்டு, அதன்படி பிரித்ததாகச் சொன்னார். தன் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பையனுக்குத் தெரியாது. ஆளுக்கு எவ்வளவு காசு என்று தாளில் குறிக்கச் சொன்னால், தன் கூட்டத்துக்கு அதிகம் கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. தன் கூட்டத்துக்கு மொத்தமாக அதிகக் காசு கிடைக்கும் வழி இருந்தும், கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்கூட்டத்தைவிட வித்தியாசம் பெரிதாக இருக்கட்டும் என்று பலர் தேர்ந்தெடுத்தார்கள். 1970, 71இல் இது வெளிவந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் சிவப்பு ஹவுஸ், நீல ஹவுஸ் என்று பிரித்துவிட்ட ஒரு வாரத்தில் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்த்த எந்த உடற்கல்வி ஆசிரியரும் இதை மறுக்க மாட்டார். ஆனால் ஹவுஸ் பிரிவை ஒவ்வொரு வருடமும் கலைத்துப் போட முடியும், தெருவைக் கலைக்க முடியாது. அதனால்தான் ஏற்கனவே இருக்கிற பிரிவின் மேல் பனியன் நிறத்தையும் சேர்த்து ஒட்டக் கூடாது என்கிறேன்.

சிலர் இன்னொரு யோசனை சொல்கிறார்கள். ஊரும் காலனியும் சேர்ந்து ஒரே அணியாகப் பக்கத்துக் கிராமத்தோடு மோதட்டும், பொது எதிரி வந்தால் ஒன்றாகிவிடுவார்கள் என்று. 1949இல் ஷெரீப் நடத்திய முதல் முகாமில் இதுவும் நடந்தது, வெளி அணி ஒன்றோடு ஆட விட்டார்கள், கொஞ்சம் பலனும் இருந்தது. ஆனால் இப்படிச் செய்தால் சின்னச் சண்டை போய்ப் பெரிய சண்டை வருகிறது என்று சொல்லி அவரே அந்த வழியைக் கைவிட்டார். நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடியற்காலையில் இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒன்றாக எழுந்தார்கள், திருநீற்றையும் தாடியையும் ஒருசேரத் தடுத்த உத்தரவு அவர்களைச் சேர்த்தது, அதில் எனக்குப் பெருமை உண்டு. வெள்ளைக்காரன் போய் இவ்வளவு காலம் ஆகிவிட்டது. இனிமேலும் நம்மைச் சேர்த்து வைக்க ஒரு எதிரியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். கயிற்றின் நிறத்தைப் பார்த்து அணி சேர்க்கும் வழக்கத்தை மைதானத்தில் நேரில் பார்த்தவன் நான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் போதாது என்பதை அந்த முகாமின் சாப்பாட்டு மேசையே சொல்லிவிட்டது. உட்கார்ந்த பிறகு இருவரும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும்.

அதற்கும் வழி இருக்கிறது. 1971இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனியாகப் படித்த கறுப்பின, மெக்சிகோ வம்சாவளி, வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தார்கள், உடனே அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தார். வாத்தியார் கேள்வி கேட்கிறார், தெரிந்த நாலு பேர் கையைத் தூக்கிக் குதிக்கிறார்கள், ஒருவன் பதில் சொன்னால் மற்றவனுக்கு எரிச்சல். வகுப்பே ஒரு போட்டி மைதானமாக இருக்கிறது என்று புரிந்துகொண்டார். பிள்ளைகளைக் கலந்து ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார். பாடத்தையும் அத்தனை துண்டுகளாக வெட்டினார். ஒருவரின் வாழ்க்கை வரலாறு பாடம் என்றால், இளமைக் காலம் ஒரு பிள்ளையிடம், கல்யாணம் இன்னொரு பிள்ளையிடம், பொது வாழ்க்கை மூன்றாவது பிள்ளையிடம். அவனவன் துண்டை அவனவன் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும், தேர்வு மட்டும் முழுப் பாடத்திலும். இங்கிலீஷ் சரளமாக வராத மெக்சிகோ வம்சாவளிப் பையன் ஒருவன் திணறியபோது மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவனைக் கேலி செய்தால் உங்களுக்குப் பரீட்சையில் ஒன்றும் வராது, அவனிடம் இருக்கிற துண்டு உங்களுக்கு வேண்டும் என்று மட்டும் உதவி ஆசிரியர் சொன்னார். சில நாட்களில் அதே பிள்ளைகள் அவனிடம் எப்படிக் கேட்டால் பதில் வரும் என்று கற்றுக்கொண்டு பொறுமையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அவனும் தைரியம் வந்து பேசினான்.

இதற்குப் பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் எந்த அரசுப் பள்ளியிலும் நாளைக்கே சமூக அறிவியல் பாடத்தில் ஆரம்பிக்கலாம். பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகளும் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். அங்கே இதற்குப் பலன் இரட்டிப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது கிரிக்கெட். மேலே சொன்னதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள், நம் சாதிக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் இதைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் கிராமத்து இளைஞர்கள் 1,261 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினரை ஆடாமல் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்தினார். சில அணிகள் ஒரே சாதியினர், சில அணிகள் பல சாதியும் கலந்தவை, யார் எதில் என்பது குலுக்கல் மாதிரி முடிவு செய்யப்பட்டது. ஒரு மாதம் ஆடினார்கள். 2021இல் முடிவு வெளியானது. கலந்த அணியில் தோளோடு தோளாக ஆடியவர்களுக்கு வேறு சாதியில் நண்பர்கள் கூடினார்கள், தன் சாதிக்காரனுக்கே பார்க்கும் ஓரவஞ்சனையும் குறைந்தது. வேறு சாதிக்காரர்களை எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களுக்குப் பெரும்பாலும் நேர்மாறான பலன். அதே ஆட்டம், அதே மைதானம், அதே சாதிகள். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது மட்டும்தான் வேறு.

விளையாட்டு எல்லாரையும் சேர்த்துவிடும் என்று எழுதிய வாசகர் தயவுசெய்து இந்த ஒரு ஆய்வையாவது கவனிக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஈராக்கில் ஐஎஸ் தீவிரவாதிகளிடம் இருந்து தப்பி ஓடி வந்த கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்து சல்மா மூசா என்பவர் செய்த ஆய்வு 2020இல் வந்தது. மைதானத்துக்குள் நல்ல மாற்றம், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களோடு பழகுவதில் அவ்வளவு மாற்றம் வரவில்லை. ஆகவே கபடி அணியைக் கலந்துவிட்டால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. குறைந்தபட்சம் நாம் நடத்துகிற போட்டியால் பகை வளராமல் இருக்கட்டும்.

இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. ஷெரீப்பின் இரண்டு அணியும் சமம். 11 பேர், 11 பேர், ஒரே வசதி, ஒரே சாப்பாடு. நம் ஊரும் காலனியும் அப்படியா? நிலம் ஒரு பக்கம் இருக்கிறது, கூலி வேலை மறு பக்கம் இருக்கிறது. கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியல்காரர் 1954லேயே தெளிவாக எழுதினார்: இரண்டு கூட்டமும் சமநிலையில் சந்திக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், ஒத்துழைக்க வேண்டும், அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும் என்று. முதல் நிபந்தனையை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஏரிக் கால்வாய் தூர்வாருகிறோம், எல்லோரும் சேர்ந்து செய்கிறோம் என்று சொல்லி, காலனிப் பையன்கள் மண் சுமக்க, ஊர்ப் பையன்கள் வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்தால் அதற்குப் பெயர் ஒத்துழைப்பு இல்லை. தூர்வாரிய பிறகு தண்ணீர் யார் நிலத்துக்குப் பாய்கிறது என்றும் கேட்க வேண்டும். பாதிக்கப்படுகிறவனைப் பார்த்து "நீயும் சேர்ந்து போ" என்று உபதேசம் செய்ய யாராவது இந்தச் சோதனைகளை எடுத்துக்காட்டினால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடிபட்ட வழக்கில் சட்டப்படி நடவடிக்கை நடக்கட்டும், அது தனி.

சமமாகச் சேர்ந்து செய்ய நம் மாவட்டத்தில் வேலைக்கா பஞ்சம்? பாலாறு வறண்டு கிடக்கிறது, ஏரிகளுக்கு வரத்துக் கால்வாய் அடைத்துக் கிடக்கிறது. தண்ணீர் என்பது பிரிக்கவும் செய்யும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோது, எங்கள் குழாயிலேயே வரவில்லையே என்று இங்கே எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது என்று உங்கள் பத்திரிகையே எழுதியது. அதே தண்ணீர் சேர்க்கவும் செய்யும். வேலூர், திருவண்ணாமலை எல்லையில் ஓடும் நாகநதிக்காக ஆயிரக்கணக்கான பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆற்றிலும் ஓடைகளிலும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைகிணறுகள் அமைத்தார்கள், பிரதமர் வானொலியில் பேசும் அளவுக்கு அது போனது. அந்த வேலையில் கூலி எல்லோருக்கும் ஒன்று, குழியும் ஒன்று.

வருகிற பொங்கலுக்கு எங்கள் பக்கம் போட்டிக் கமிட்டிகள் கூடும் காலம் வருகிறது. அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஊர் அணி, காலனி அணி, மேல்தெரு அணி, கீழ்த்தெரு அணி என்று பெயர் பதிவு செய்யாதீர்கள். ஆட விரும்புகிறவர்களின் பெயரைத் தனித்தனியாக வாங்கி, எல்லோர் முன்னாலும் சீட்டுக் குலுக்கிப் போட்டு அணி சேருங்கள். ஆனால் முந்தின நாள் சேர்த்து மறுநாள் ஆட விட்டால் பலன் இல்லை, ஒரு மாதம் முன்னாலேயே சேர்த்து, தினமும் சாயங்காலம் ஒன்றாகப் பயிற்சி எடுக்க விடுங்கள், அந்த ஒரு மாதம்தான் விஷயமே. பயிற்சி மைதானம் ஒரு வாரம் ஊரில் இருந்தால் மறு வாரம் காலனியில் இருக்கட்டும். கேப்டனையும் சீட்டிலேயே எடுங்கள். பரிசு முதல் அணிக்கு மட்டும் என்று வைக்காமல் எல்லா அணிக்கும் ஏதாவது கொடுங்கள், பணத்தைக் குறைத்தாலும் பரவாயில்லை. கமிட்டியிலும் இரண்டு பக்கத்து ஆட்களும் சரிசமமாக இருக்க வேண்டும், பெயருக்கு ஒருவர் என்று வைக்கக் கூடாது. நடுவரை வெளியூரில் இருந்து கூப்பிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் கோ-கோவோ கபடியோ இதே முறையில் வையுங்கள். அவர்களை வேடிக்கை பார்க்க மட்டும் உட்கார வைக்கிறோம், எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை.

எங்கள் பையன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் சார், எதிர்த்தெருக்காரனோடு சேர்ந்து ஆட மாட்டார்கள் என்று கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள். முதல் வாரம் சிலர் வராமல்தான் இருப்பார்கள். பெரியவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள், பையனை அனுப்ப மாட்டேன் என்பார்கள். வருகிறவர்களை வைத்து ஆரம்பியுங்கள். என் அனுபவத்தில் பையன்களுக்கு ஆட வேண்டும் என்ற ஆசை பெரியவர்களின் கோபத்தைவிடப் பலமானது.

நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளியாவது, இளைஞர் மன்றமாவது இப்படிக் கலப்பு அணி வைத்து நடத்தியிருந்தால், நன்றாக நடந்ததோ இல்லையோ, அவர்கள் எழுதுவதையும் இதே பகுதியில் வெளியிடுங்கள். சீட்டுக் குலுக்கல் முறையை எழுதிக் கொடுக்கவோ, ஒரு மாதப் பயிற்சிக்குத் துணையாக வந்து நிற்கவோ நான் தயார். கே.வி.குப்பம், குடியாத்தம், அணைக்கட்டு எங்கே கூப்பிட்டாலும் வருவேன். விசில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கே.வி.குப்பம், வேலூர் மாவட்டம்.